பித்தளையா, எவர்சில்வரா, அலுமினியமா? – தோட்ட ரயில் கேள்வி-பதில்

தோட்டத்தில் ஓடும் மாதிரி ரயில்களைப் பற்றிப் போன இதழில் அரைப்பக்கம் எழுதினேன். இஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி தண்டவாளத்தைப் பற்றி! சரி, இந்த முறை முழுக்க அதுதான். இஞ்சின் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

முதல் கடிதம்: நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். பழைய பொருள் சந்தையில் ஒரு பெட்டி நிறைய எல்.ஜி.பி. (ஜெர்மன் தோட்ட ரயில் பிராண்ட்) தண்டவாளம் மலிவாகக் கிடைத்தது. எல்லாம் பித்தளை, கறுத்துக் கிடக்கிறது. கடையில் எவர்சில்வர், நிக்கல் பூசியது, அலுமினியம் என்று என்னென்னவோ காட்டுகிறார்கள். வெளியில் மழை, வெயில், பனி மூன்றையும் தாங்க எது நல்லது? பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

என் பதில்: தூக்கிப் போட வேண்டாம். காரணம் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன்: உங்கள் இஞ்சினுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? தண்டவாளம் வழியாகத்தான் என்றால் அது ஒரு கணக்கு, இஞ்சினுக்குள்ளேயே பேட்டரி என்றால் அது முற்றிலும் வேறு கணக்கு. இதைக் கேட்காமலே உலோகத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர் கடைக்காரராக இருந்தாலும் சரி, முப்பது வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி, பாதிக் காதை மட்டும் கொடுங்கள்.

பெட்டியோடு வாங்கியவர் என்பதால் தண்டவாளத்தில்தான் கரண்ட் என்று வைத்துக்கொள்கிறேன். எல்.ஜி.பி. 1968இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான ரயில். வீட்டுக்குள் மட்டுமல்ல, வெளியிலும் ஓட வேண்டும் என்று செய்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உலோகம் திடமான பித்தளை. கொல்லையில் பித்தளைக் குடத்தை வைத்திருந்த பாட்டி யாரைக் கேட்டாலும் சொல்வார், பித்தளை கறுக்கும், களிம்பு பிடிக்கும், ஆனால் இரும்பு மாதிரி துருவேறி உதிராது. அதனால் உங்கள் பெட்டியில் இருப்பது கெட்டுப்போன தண்டவாளம் இல்லை, அழுக்கான தண்டவாளம். பக்கவாட்டில் கறுப்பாக இருப்பது நல்லதுதான், பார்க்க நிஜத் தண்டவாளம் மாதிரி இருக்கும். சக்கரம் உரசுகிற மேல்பரப்பு மட்டும் பளிச்சென்று இருந்தால் போதும்.

இனி மற்ற உலோகங்கள். செம்பு மின்சாரத்தைக் கடத்துவதை 100 என்று வைத்தால், அலுமினியம் கலவையைப் பொறுத்து 40லிருந்து 60 வரை வரும், பித்தளை சுமார் 28, ஜெர்மன் சில்வர் 6 பக்கம், எவர்சில்வர் 2க்கும் 3க்கும் நடுவில். இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் "அலுமினியம் முதல் ராங்க், எவர்சில்வர் ஃபெயில்" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கட்டினேன், அது தப்பு. ரயில் கரண்ட் எடுப்பது தண்டவாளத்தின் நடு வயிற்றிலிருந்து இல்லை, அதன் தோலிலிருந்து. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே ஒரு மெல்லிய கெட்டியான ஆக்சைடு படலம் உட்கார்ந்துவிடும், அது கரண்டை விடாது. சுரண்டி எடுத்தால் மறுபடி வரும். உள்ளே அருமையான கடத்தி, வெளியே இன்சுலேட்டர்! எவர்சில்வர் இதற்கு நேர் எதிர்: உள்ளே மந்தம், ஆனால் தோல் மழையிலும் வெயிலிலும் மாறாமல் கிடக்கும், தூசியும் இலைச்சாறும் துடைத்தால் ஓடும்.

அந்த மந்தம் எவ்வளவு பெரிய பிரச்சினை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் தூரத்துக்குக் கரண்ட் போக வேண்டும், போகவும் வரவும் சேர்த்து 20 மீட்டர் உலோகம். குறுக்குவெட்டு 25 சதுர மில்லிமீட்டர், இஞ்சினும் விளக்குகளும் சேர்ந்து 3 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் வழியில் தொலைவது சுமார் 0.15 வோல்ட். எவர்சில்வரில் 1.7 வோல்ட். பதினெட்டு இருபது வோல்ட்டில் ஓடும் ரயிலுக்கு 1.7 போவது தெரியும், ஆனால் ஒயரை நடுவில் இன்னொரு இடத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் அதுவும் தெரியாது. ஆக உலோகத்தின் கடத்துதிறனை வைத்துச் சண்டை போடுவது வீண் வேலை.

நிக்கல் பூசிய பித்தளை என்பது இரண்டுக்கும் நடுவில்: வயிறு பித்தளை, தோல் நிக்கல். துடைத்தால் போதும், தேய்க்கக் கூடாது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தீர்களானால் கொஞ்ச நாளில் பூச்சு போய், விலை அதிகம் கொடுத்து வாங்கிய பித்தளைதான் மிஞ்சும்.

ஜெர்மன் சில்வர் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு குன்றிமணி வெள்ளி கூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். பித்தளையை விடக் கெட்டி, களிம்பு மெதுவாகத்தான் பிடிக்கும். இங்கிலாந்தின் பெகோ நிறுவனம் தோட்டத்துக்கான தண்டவாளத்தை இதில்தான் செய்கிறது. ஆனால் அந்த ரெயில் (தண்டவாளத்தின் உலோகக் கம்பியைச் சொல்கிறேன்) எல்.ஜி.பி.யை விட உயரம் குறைந்தது, இரண்டையும் நேரடியாக இணைக்க முடியாது, அதற்கென்று இணைப்புத் துண்டு வேண்டும்.

உங்களுக்கு என் தீர்ப்பு: பழைய பித்தளையை வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் பட்டி தேய்ப்பதற்கு நீளக் கைப்பிடி வைத்த ஒரு பலகை விற்பார்களே, அதில் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பரை ஒட்டி, நின்றபடியே தள்ளிக்கொண்டு ஒரு சுற்று நடங்கள். முரட்டு உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு குடியேறும். இரும்பு நாரைத் தொடவே தொடாதீர்கள், அதன் தூள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டு இஞ்சினைக் கொன்றுவிடும். எல்லாப் பெட்டிகளுக்கும் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் மெல்ல மெல்ல உலோகச் சக்கரத்துக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைத் தண்டவாளம் முழுக்கப் பூசிக்கொண்டே போகும்.

சுவிட்சர்லாந்து, பெர்ன். 22 மீட்டர் வட்டப்பாதை, பித்தளை. கன்ட்ரோலர் பக்கத்தில் ரயில் பறக்கிறது, தூரத்து மூலையில் நத்தை மாதிரி போகிறது. தண்டவாளத்தையே வேறு நல்ல உலோகத்துக்கு மாற்றச் சொல்கிறார் நண்பர்.

நண்பரை டீ குடிக்க அனுப்பிவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஜாயின்ட்டின் இந்தப் பக்கத்து ரெயிலில் ஒரு முனை, அந்தப் பக்கத்து ரெயிலில் ஒரு முனை. மீட்டர் அரை வோல்ட் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். 30 சென்டிமீட்டர் துண்டுகளாகப் போட்டிருந்தால் உங்கள் வட்டத்தில் எழுபதுக்கு மேல் ஜாயின்ட் இருக்கும், ஒரு ரெயிலில் மட்டும்! இரண்டு துண்டு ரெயிலையும் இணைக்கிற செருகு தகடு புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும். வெயிலில் நீண்டு இரவில் சுருங்கிச் சுருங்கி அது தளரும், உள்ளே ஈரமும் மண்ணும் போகும், களிம்பு பிடிக்கும். மேலே சொன்ன 0.15 வோல்ட் எல்லாம் இங்கே தொலைவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் திருகு வைத்த கிளாம்ப் போடுங்கள், அல்லது செருகும் முன் கிராஃபைட் பேஸ்ட் தடவுங்கள், அல்லது ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தாண்டி ஒரு சிறு ஒயரைச் சால்டர் பண்ணுங்கள். பித்தளையில் சால்டர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ரெயில் சூட்டை இழுத்துக்கொண்டு ஓடிவிடும் என்பதால் ரேடியோ ரிப்பேர் பண்ணுகிற குட்டி சால்டரிங் இரும்பு போதாது. எவர்சில்வராக இருந்தால் ஆசிட் ஃபிளக்ஸ் இல்லாமல் பிடிக்காது, அலுமினியத்தில் முயற்சியே வேண்டாம், திருகுதான். அப்புறம் வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரைப் பாதையோடு ஓட்டி நாலு இடத்தில் தண்டவாளத்தோடு சேர்த்துவிடுங்கள். கிளாம்பின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், எழுபதையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை, மீட்டர் காட்டிக்கொடுத்த இடங்களில் முதலில் போடுங்கள்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். தண்டவாளத்தையும் தேய்த்தால் என்ன? (கேட்பது என் அம்மா.)

அம்மாவுக்கு என் வணக்கம். பளபளப்பாகும், சந்தேகமே இல்லை, புளியில் இருக்கும் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். குத்துவிளக்கைத் தேய்த்துக் கழுவித் துடைத்துக் காய வைப்பீர்கள். 20 மீட்டர் தண்டவாளத்தை, ஸ்லீப்பரோடு (ரெயிலைத் தாங்கும் குறுக்குக் கட்டை) ஜல்லியில் கிடப்பதை, அப்படிக் கழுவ முடியாது. மிச்சமிருக்கும் அமிலம் ஜாயின்ட்டுக்குள் உட்கார்ந்து பச்சைக் களிம்பாக மறுபடி வரும். எறும்பைப் பற்றி நான் சொல்லவே இல்லை. கழற்றி எடுத்த பழைய துண்டுகள் என்றால் தாராளமாகப் புளி போடுங்கள், ஒரு பக்கெட் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு வெயிலில் காய வையுங்கள். கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் அதைவிட மோசம், பளபளப்பு போகாமலிருக்க மேலே ஒரு படலத்தை விட்டுப் போகும், ரயிலுக்கு அந்தப் படலமும் ஒரு அழுக்குதான்.

கோவை. மொட்டை மாடியில் ரயில் விட ஆசை. இறக்குமதித் தண்டவாளம் கட்டுப்படியாகாது. ஜன்னல் செய்கிற கடையில் கிடைக்கும் அலுமினியப் பட்டையை நிறுத்தி வைத்துத் தண்டவாளம் ஆக்கலாமா?

ஆக்கலாம், பலர் ஆக்கியிருக்கிறார்கள், பேட்டரி ரயிலாக இருந்தால்! மரக்கட்டையிலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ எல்.ஜி.பி. அளவான 45 மில்லிமீட்டர் இடைவெளியில் ரம்பத்தால் இரண்டு பள்ளம் போட்டு, 3 மில்லிமீட்டர் பட்டையை நிமிர்த்திச் செருகினால் அதுவே ரெயில். மேல் விளிம்பை அரத்தால் லேசாக உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்தின் விளிம்பைத் தின்றுவிடும். ஸ்லீப்பருக்கு மேல் போதிய உயரம் நிற்க வேண்டும், சக்கர விளிம்பு கீழே இடிக்கக் கூடாது. இடைவெளியை ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், 45 மில்லிமீட்டருக்கு ஒரு தகட்டுத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு அதைச் செருகிச் செருகிப் பாருங்கள். வளைவில் அரை மில்லிமீட்டர் கூடினால் பரவாயில்லை, குறைந்தால் ரயில் ஏறிக் குதிக்கும். அலுமினியம் கையாலேயே வளையும் என்பது பெரிய வசதி, எவர்சில்வரை வளைக்கப் போனால் நாம்தான் வளைவோம்.

தண்டவாளத்தில் கரண்ட் விடுவதாக இருந்தால் இந்த வழி வேண்டாம். தோலைப் பற்றி மேலே ஸ்டுட்கார்ட்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான். இன்னொன்று, அலுமினிய ரெயிலுக்குப் பித்தளை கிளாம்போ பித்தளைத் திருகோ போடாதீர்கள், ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். எவர்சில்வர் திருகு போடுங்கள்.

மாடியில் உண்மையான வில்லன் வெயில். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒவ்வொரு மீட்டர் அலுமினியமும் 0.023 மில்லிமீட்டர் நீளும். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். 10 மீட்டர் பாதை, விடிகாலைக்கும் நண்பகலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் 9 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். பித்தளைக்கு அதே கணக்கில் ஏழரை, எவர்சில்வருக்கு ஏழுக்குக் கொஞ்சம் குறைவு, ஜெர்மன் சில்வருக்கு ஆறரை பக்கம். இதில் எந்த உலோகமும் நம்மைக் காப்பாற்றாது. நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் பாதையை மார்கழி மாதத்துக் காலைக் குளிரில், ஜாயின்ட்டில் முடி நுழைய இடமில்லாமல் அவ்வளவு அழகாக இறுக்கி, இரண்டு முனையையும் சிமென்ட் வைத்துப் பூசிப் போட்டேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன். சித்திரையில் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் நேர்ப்பாதை பாம்பு மாதிரி நெளிந்து ஸ்லீப்பரோடு மேலே எழும்பி நிற்கிறது. சிமென்டை உடைத்தபோது வந்த சத்தத்துக்கு வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அதனால் பாதையை எங்கேயும் கட்டிப் போடாதீர்கள், ஜல்லிப் பொடியில் சும்மா மிதக்கட்டும். கல் உடைக்கிற இடத்தில் கிடைக்கும் கூர்முனையுள்ள சிறு சிப்ஸ் தூளோடு கலந்தது நல்லது. உருண்டைக் கூழாங்கல் நிற்காது, உருண்டுகொண்டே இருக்கும். மாடித் தரையில் ஆணி அடிக்கவோ துளை போடவோ வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுகிறேன், மழை ஒழுகினால் ரயிலைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள்.

ரோஜாப் பாத்தி ஓரமாகப் போகும் பாதையில் மட்டும் பித்தளைச் செருகு தகடுகள் நடுவில் வெடித்துவிடுகின்றன. மற்ற இடங்களில் ஒன்றுமில்லை. மட்டமான சரக்கா?

ரோஜாவுக்கு என்ன உரம் போடுகிறீர்கள்? அமோனியா சம்பந்தப்பட்ட உரமோ, அரைகுறையாக மக்கிய எருவோ என்றால் சரக்கின் மேல் மட்டும் பழி போட முடியாது. அழுத்தத்தில் இருக்கும் பித்தளைக்கு அமோனியா எமன். இதற்கு ஒரு பழைய கதை உண்டு, நம் நாட்டுக் கதைதான். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் துப்பாக்கித் தோட்டாக்களை மழைக்காலம் முடியும் வரை குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் கழுத்தில் வெடித்திருந்தன. யாரும் தொடவில்லை, சுடவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும் ஈரமும் உறையைச் செய்யும்போதே உள்ளே தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் சரியாக விளங்கியது. அதற்குப் 'பருவ வெடிப்பு' என்று பெயர்.

உங்கள் செருகு தகடும் அப்படித்தான், தகட்டை மடித்துச் செய்தது, ரெயிலைக் கவ்விப் பிடித்துக்கொண்டே இருப்பதால் எப்போதும் அழுத்தத்தில் இருப்பது. திடமான ரெயிலுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பகுதிக்கு மட்டும் எவர்சில்வர் கிளாம்ப் போடுங்கள், அல்லது உரத்தைச் செடியின் மறுபக்கம் போடுங்கள். ரோஜாவை எடுத்துவிடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இங்கிலாந்து. 32 மி.மீ. பாதையில் நிஜ நீராவி இஞ்சின். இந்த உலோகச் சண்டையெல்லாம் எனக்கு உண்டா?

கிடையாது. கொடுத்துவைத்தவர் நீங்கள். தண்ணீரும் கேஸும் இருந்தால் ஓடுகிற இஞ்சினுக்குத் தண்டவாளம் கரண்ட் கடத்தினால் என்ன, கடத்தாவிட்டால் என்ன. அலுமினியமே போதும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: ஏறி மிதித்தால் ரெயில் நெளியாமல் இருக்கிறதா, ஸ்லீப்பர் வெயிலில் நொறுங்காத பிளாஸ்டிக்கா. உலோகத்தை விட முதலில் சாவது பெரும்பாலும் ஸ்லீப்பர்தான், மலிவான பிளாஸ்டிக் சில வருட வெயிலில் முறுக்கு மாதிரி உடையும். மற்றபடி ஏற்றத்தில் சறுக்கினால் இஞ்சின் சிந்துகிற ஸ்டீம் ஆயிலைத் துணியால் துடையுங்கள். பிற்பாடு நண்பர் யாராவது தன் மின்சார ரயிலை உங்கள் பாதையில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் கவனம். நிறைய நீராவி இஞ்சின்களுக்கு இடது வலது சக்கரங்கள் மின்சாரத்தால் பிரிக்கப்பட்டிருக்காது, கரண்ட் உள்ள பாதையில் வைத்த நொடியில் ஷார்ட் ஆகும்.

மேட்டுப்பாளையம். ஊட்டி ரயிலை 45 மி.மீ. பாதையில் செய்ய நினைக்கிறேன். 'கோடு 332', 'கோடு 250' என்று போட்டிருக்கிறார்கள், தரத்தின் எண்ணா? எது வாங்க?

தரம் இல்லை, உயரம். ரெயிலின் உயரத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வது. 332 என்றால் 0.332 அங்குலம், அதாவது 8.4 மில்லிமீட்டர். 250 என்றால் 6.35. எண் பெரியதாக இருந்தால் தரம் உயர்ந்தது என்று நினைத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தேர்வு ரொம்பப் பொருத்தம். ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு ரெயிலுக்கும் நடுவில் 1000 மில்லிமீட்டர். எல்.ஜி.பி.யின் அளவுகோல் 1:22.5. 1000 மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்தால் 44.4, கிட்டத்தட்ட அந்த 45. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி மலைகளில் ஓடும் மீட்டர் கேஜ் ரயில்களுக்கும் எல்.ஜி.பி.யின் இந்த அளவு அப்படியே பொருந்தும். நம் ஊட்டி இஞ்சின்களில் பழைய எக்ஸ் ரகமும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்ததுதானே, சம்பந்தி வீடு மாதிரி. (அகல ரயில் செய்கிறவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1676 மில்லிமீட்டரை 45க்குள் அடக்க 1:37 என்று யாரும் விற்காத ஒரு அளவுக்குப் போக வேண்டும்.)

இப்போது ரெயில். 8.4ஐ 22.5ஆல் பெருக்கிப் பாருங்கள்: 189 மில்லிமீட்டர். இன்று முக்கியத் தடங்களில் போடுகிற 60 கிலோ ரெயிலின் உயரமே 172தான். குட்டி மலை ரயிலுக்கு அதைவிட உயரமான தண்டவாளம்! குழந்தைக்கு அப்பா செருப்பு மாதிரி இருக்கும். கோடு 250 போட்டால் 143 வரும், கண்ணுக்குச் சரியாக இருக்கும். படம் எடுக்க, பார்த்துப் பார்த்து ரசிக்க என்றால் ஜெர்மன் சில்வரில் 250 வாங்குங்கள். பேரப்பிள்ளைகளும் நாயும் நடமாடும் தோட்டம் என்றால் உருவப் பொருத்தத்தை விட்டுவிட்டுப் பித்தளை 332. கல்லாறு–குன்னூர் நடுவில் சுமார் 12க்கு 1 ஏற்றம் இருக்கிறது, அதை அப்படியே செய்யப் போகிறீர்கள் என்றால் நடுவில் பல்தண்டவாளம் இல்லாமல் எந்த உலோகத்திலும் ஏறாது. எல்.ஜி.பி.யில் பல்தண்டவாளமும் உண்டு, பல்சக்கர இஞ்சினும் உண்டு.

பழைய தண்டவாளம் வாங்கும்போது எந்த உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாக்கெட்டில் ஒரு காந்தம். நன்றாக இழுத்துப் பிடித்தால் இரும்பு, மேலே மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பூச்சு இருந்தாலும் சரி, வேண்டாம் என்று நடையைக் கட்டுங்கள். தொடக்கநிலைப் பொம்மைப் பெட்டிகளோடு வரும் மடித்த தகட்டுத் தண்டவாளம் பெரும்பாலும் இதுதான், கூடத்தில் ஓட்டலாம், ஒரு மழைக்காலம் தாங்காது. காந்தம் ஒட்டவில்லையா, கையில் தூக்கிப் பாருங்கள், அலுமினியம் பித்தளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். வெள்ளையாகவும் கனமாகவும் இருந்தால் அடிப்பக்கம் சின்னதாகச் சுரண்டுங்கள், உள்ளே மஞ்சள் தெரிந்தால் நிக்கல் பூசிய பித்தளை.

டொராண்டோ. ஆறு மாதம் பனி. எவர்சில்வர்தான் ஒரே வழி என்கிறார்கள்.

பனி எந்தத் தண்டவாளத்தையும் ஒன்றும் செய்யாது, பனியை அள்ளுகிற மண்வெட்டிதான் செய்யும். உங்களுக்கு உலோகத்தை விட அடித்தளம் முக்கியம். தண்ணீர் தேங்கும் மண் உறைந்தால் பாதையைத் தூக்கும், இளகினால் இறக்கும், வசந்தத்தில் பார்த்தால் மலையும் பள்ளமுமாக இருக்கும். கீழே தண்ணீர் வடிகிற ஜல்லியை ஆழமாகப் போடுங்கள். அதோடு ஜாயின்ட் இடைவெளியை எந்த நாளில் போடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள்: மைனஸ் 25லிருந்து வெயிலில் 50 வரை என்றால் 75 டிகிரி, 10 மீட்டர் பித்தளை பதினான்கு பதினைந்து மில்லிமீட்டர் ஆடும். கோடை நண்பகலில் போட்டால் இடைவெளி வேண்டாம், இலையுதிர்காலத்தில் போட்டால் வேண்டும். சாலை உப்பு தெறிக்கிற முன்பக்கத் தோட்டம் என்றால் எவர்சில்வர் வாங்குங்கள், அதற்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அமெரிக்காவின் அரிஸ்டோ-கிராஃப்ட் 2013இல் கடையை மூடும் வரை எவர்சில்வர் தண்டவாளமும் விற்றது, உங்கள் பக்கத்தில் பழைய சரக்கு கிடைத்தால் விடாதீர்கள்.

எல்லாருக்கும் சொல்கிறீர்கள், உங்கள் வீட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

பித்தளை, 332, கிளாம்போடு. வேப்பமரத்தடியில் மட்டும் 4 மீட்டர் எவர்சில்வர், ஏனென்றால் அங்கே பூவும் பழமும் கொட்டி, பறவைகளும் தங்கள் பங்குக்கு ஏதோ செய்து, வாரம் இரண்டு தடவை குனிந்து தேய்க்க என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்து நத்தை போட்டுவிட்டுப் போகும் பசைக்கு மட்டும் இன்னும் ஸ்கிரப்பர்தான், அது எந்த உலோகத்தையும் மதிப்பதில்லை.